நளினி வைக்கும் பொட்டு

நகப்பூச்சுப் புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நளினி லாரிக்கு அடியில் நுழைவாள். விரலில் ஒருநாளும் பூசியதில்லை. ஒயர்முனைகளை இணைக்கும் கப்ளரை மாட்டி முடித்ததும் அதன்மேல் சிவப்பாய் ஒரு சொட்டு வைப்பாள். "பொட்டு இருந்தா சரியா கீதுன்னு அர்த்தம். அதுல கை வெச்சா அப்பறம் என்னாண்ட வராதீங்க" என்று கறாராகச் சொல்லிவைத்திருப்பதால், சித்தூரிலிருந்து திருப்பதி வரை எந்த டிரைவரும் அந்தப் பொட்டைத் தொடுவதில்லை.

நகரி ஊர்க்காரி. ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் திருப்பதியில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஆறு வருஷம் ஒயரிங் பார்த்தவள். இப்போது ஸ்கூட்டர்தான் கடை. ஃபோன் வந்தால் போதும், தட்டிலிருக்கும் இட்லியை அப்படியே மூடிவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். பழுது என்றால் அவளுக்கு அத்தனை ஆசை.

அன்று காலை அழைத்தவர் கங்காதர நெல்லூர் விவசாயி கங்கையா. சித்தூர் மாங்கூழ் ஆலைக்குள் அவருடைய தோத்தாபுரிக் காய்கள் டிப்பர் நிறைய நிற்கின்றன. இரண்டு நாள் வரிசையில் காய்ந்து, இறக்கும் மேடைக்கு வந்த நேரம் பார்த்துத் தொட்டி எழும்ப மறுத்துவிட்டது. அரை மணிக்குள் கொட்டாவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இன்னும் இரண்டு நாள் வெயிலைக் காய் தாங்காது.

"ஸ்விட்ச் போட்றேன், பி.டி.ஓ. புடிக்கல" என்றார் டிரைவர் பாலையா. எஞ்சின் விசையைத் தொட்டி தூக்கும் பம்புக்குத் திருப்பிவிடுவது அந்த பி.டி.ஓ.தான்.

நளினி அடியில் சரிந்தாள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பி.டி.ஓ.வுக்குப் போகும் கப்ளரின் சிவப்பு ஒயரிலும் மறுமுனையை லாரியின் இரும்புச் சட்டமான சேஸிஸிலும் வைத்தாள். பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் வந்துக்கினுதான் கீது" என்று அங்கிருந்தே சொன்னாள். குரலில் திருவிழாக் களை. மறுமுனையைக் கறுப்பு ஒயருக்கு மாற்றினாள். எரியவில்லை. தடவிக்கொண்டே போனால், கரண்ட் திரும்பிப் போவதற்காகச் சேஸிஸில் முடுக்கியிருக்க வேண்டிய கறுப்பு எர்த் ஒயர் ஒரு சாணிலேயே முடிந்துவிட்டது. கத்தியால் புதிதாய் வெட்டிய முனை.

"பாலையாண்ணா, நேத்து இதுல இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்லியேம்மா. அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் கட்னேன், அவ்ளோதான்."

நளினி வெளியே வந்து நேராக முன் பம்பருக்குப் போனாள். எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் கறுப்பு ஒயரில் கோத்து ஆடிக்கொண்டிருந்தன.

"போல்ட்டு கழண்டு சும்மா தொங்கிக்கினு இருந்துச்சி..." என்று பாலையா இழுத்தார்.

"டைம் அயிபோதோந்தி தல்லி, இன்னும் பத்து நிமிசம்தான்" என்று கங்கையா, நேரம் போகிற பதற்றத்தில் தெலுங்கு கலந்து, கையைப் பிசைந்தார்.

நளினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி அடியில் புகுந்து புது ஒயர் இழுத்தாள், போல்ட்டை முறுக்கினாள், கப்ளருக்குப் பொட்டும் வைத்தாள்.

"இப்ப போடுங்கண்ணா."

பம்பு உறுமியது. தொட்டியின் முன்பக்கம் மெல்ல எழும்ப, காய்கள் தடதடவென்று சரிந்தன. கங்கையா கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று அவருக்கே தெரியாது. நளினி சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினாள். எத்தனை லாரித் தொட்டியை எழுப்பியிருந்தாலும் அந்தச் சத்தம் அவளுக்குச் சலிப்பதில்லை.

வெட்கம் தாங்காமல் பாலையா எலுமிச்சம்பழத்தை அறுத்தெறியப் போனார். நளினி அவர் கையைத் தடுத்தாள். புட்டியைத் திறந்து, பழத்தின் மேலும் சிவப்பாய் ஒரு சொட்டு வைத்தாள்.