அடுப்புக் கயிற்றில் காய்ந்த துணிகள்

அன்று என் மகள் உண்மையில் எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள்? எங்கள் தோட்டத்து மருத்துவச்சி, மிட்வைப் மிஸ் கேட்டார், பிறகு டாக்டர் கேட்டார். இன்றுவரை எனக்கு அது தெரியாது.

அவளுக்கு அப்போது இரண்டரை மாதம். எங்கள் தேயிலை மலையில், வட்டவளைப் பக்கம், மழை பிடித்தால் வாரக்கணக்கில் துணி காயாது. வரிசையாக அறைகள் ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் எல்லோரையும் போல நானும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் குழந்தைத் துணிகளைப் போட்டேன். எடுக்கும்போது சூடாக இருக்கும். சூடாக இருந்ததால் காய்ந்துவிட்டது என்று நம்பினேன்.

காலையில் அவள் உடம்பு சுட்டது. பாலும் சரியாகக் குடிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும் என்று மிஸ் முன்பு சொல்லியிருந்தார். அதனால் நனைந்த துணியை மாற்றும்போதெல்லாம் கலண்டரில் ஒரு கோடு போட்டேன். பக்கத்து அறையில், அடுத்த காம்பராவில், இருக்கும் அக்கா பார்த்துச் சிரித்தார்.

"படிச்ச புள்ள மூத்திரத்துக்கும் மார்க்குப் போடுது. காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"அஞ்சு கோடு இருக்கே அக்கா," என்றேன்.

மத்தியானம் வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்க வந்த மிஸ் கயிற்றிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். "இது காஞ்ச துணியாம்மா? கட்டும்போதே ஈரமாத்தானே இருக்கு." பிறகு நான் கடைசியாக மாற்றிய துணியை விரித்தார். நடுவில் சின்னதாக ஒரு கறை, பால் கலக்காத தேநீர் போல சாயத்தண்ணி நிறம், கடுமையான வாடை. குழந்தை அழுதாள், கண்ணீர் வரவில்லை.

"மூணு மாசம் ஆகாத புள்ளைக்குக் காய்ச்சல்னாலே காத்திருக்கக் கூடாது. கோடு எத்தனை இருந்தாலும். வாங்க, இப்பவே போவோம்."

ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்றார்கள். ஊசியும் சேலைனும் ஏறின. இரண்டாம் நாள் காலையில் அவள் என் மடியை நனைத்தாள். அந்தச் சூடு புடவைக்குள் இறங்கியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது நன்றாக ஓடித் திரிகிறாள். சிறுநீர் குறைந்தாலும், நிறம் கடுத்தாலும், வாய் உலர்ந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அன்றும் பாதி தெரிந்துதான் இருந்தது. அக்கா சொன்னபோதே கிளம்பியிருந்தால் என்ற நினைப்பு போகவில்லை.

அடுத்த குழந்தை மழை மாதத்தில்தான் பிறக்கும். மலையில் பிள்ளை வளர்த்தவர்களே, நீங்கள் துணியை எப்படிக் காய வைத்தீர்கள்? காயாத துணியின் ஈரத்திலிருந்து பிள்ளை நனைத்த ஈரத்தை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொண்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.