மாதையன் கடை தண்ணீர் டிரம்

காரிமங்கலம் சந்தைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மாதையன் தாத்தா நேற்று மதியம் இறந்துவிட்டார். பக்கத்துப் பூக்கடை செல்வி அக்கா போனில் சொன்னார்.

இன்று காலை எடுத்தார்கள். போய்விட்டு இப்போதுதான் வந்தேன்...

உள்ளூர்க்காரர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடை வாசலில் ஒரு நீல டிரம், சங்கிலியில் கட்டிய டம்ளர். யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். டிரம்மின் மேல் வெள்ளை பெயின்ட்டில் 'கோவிந்தம்மாள் நினைவாக' என்று எழுதியிருக்கும். அவர் மனைவி.

பி.எட். படித்தபோதுதான் எனக்கு அவர் பழக்கமானார். ஜியாக்ரபிக்கு ஒரு ரெக்கார்ட் நோட். இடது பக்கம் சுற்றுச்சூழல் செய்தி ஒன்றை வெட்டி ஒட்ட வேண்டும். வலது பக்கம் அதற்குப் பின்னால் இருக்கும் புவியியலை எழுத வேண்டும். ஏரி உடைந்த செய்திக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, மலைப்பாதையில் மண் சரிந்த செய்திக்குப் பாறைச் சிதைவு... இப்படி.

எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. வாங்கினாலும் என்னைத் தவிரப் படிக்க ஆள் இல்லை. கடையில் கூட்டம் இல்லாத மூன்று மணி வாக்கில் போய், வடை மடிக்க வைத்திருக்கும் பழைய பேப்பரைக் கேட்பேன்.

"எல்லாரும் வடை தின்னுக்கிட்டே பேப்பர் படிப்பாங்க. நீ வடையே வாங்காம படிக்கற பாப்பா" என்பார். ஆனால் எண்ணெய் படாமல் தனியாக எடுத்து வைத்திருப்பார்.

ஒரு நாள் நம் மாவட்டச் செய்தியே கிடைத்தது. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு, குழந்தைகளின் பல்லில் காவிக் கறை. நான் ஏன் எல்லா போட்டோவிலும் வாயை மூடிக்கொண்டே நிற்கிறேன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான். பேசும்போதும் துப்பட்டா நுனி வாய்க்கு வந்துவிடும்.

தாத்தாவுக்கு அப்போதே எண்பதுக்கு மேல். மிச்சமிருந்த பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும். "கரியும் உப்பும் வெச்சுத் தேச்ச பல்லு. நீங்கல்லாம் பேஸ்ட்டப் பூசியே கெட்டீங்க" என்று கிண்டல் செய்வார்.

சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று நோட்டுக்காகக் கேட்டேன்.

அவர் பிறந்தது முப்பதுகளில். பால் பல் விழுந்து முளைத்தது நாற்பதுகளில், யுத்த காலத்தில். மாடு கட்டி இறைக்கும் கிணறு. ஆள் இறங்கித் தூர் வாரும் ஆழம்தான். மழை பெய்தால் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கிவிடும். துணி கிடைக்காத காலம் என்பதால், வடிகட்டுவதற்கென்றே ஒரு கிழிந்த சேலைத் துண்டை அவர் அம்மா பத்திரமாக வைத்திருந்தாராம். கோடையில் கிணறு வற்றினால் ஓடை மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார்களாம்.

இதைச் சொல்லும்போது அவருக்குக் கூச்சமாக இருந்தது. "மாட்டுக்கும் மனுசனுக்கும் ஒரே தண்ணி. அதனாலதான் கையில காசு வந்ததும் எழுநூறு அடி போர் போட்டேன். கண்ணாடியாட்டம் இருக்குது பாரு."

வலது பக்கம் எழுத வேண்டியது அப்போதே கிடைத்துவிட்டது. அவர் குடித்தது மேலாக ஊறிய மழைத் தண்ணீர், பாறையோடு அதிக நாள் இருந்ததில்லை. ஆழத்தில் பாறை வெடிப்புகளில் வருடக்கணக்காகத் தங்கும் தண்ணீர்தான் ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. கண்ணாடி மாதிரிதான் வரும்.

வாசல் டிரம்மில் இருந்ததும் அந்தப் போர்த் தண்ணீர்தான். அதை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் காலேஜ் லேபில் சோதித்தேன். மருந்து விட்டால் இளஞ்சிவப்பாக நிற்க வேண்டும், ஃபுளோரைடு கூடினால் மஞ்சளாகும். மஞ்சளாகிவிட்டது...

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ரெக்கார்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தெருக் குழந்தைகள் தினமும் குடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

ஐந்தாம் நாள் போனபோது கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"எம்பொண்டாட்டி பேர்ல வெச்ச தண்ணி பாப்பா அது. அதப் போயி கெட்டதுங்கறியா?"

துப்பட்டாவை இறக்கி, அத்தனை பேர் முன்னாலும் பல்லைக் காட்டினேன். "நானும் போர்த் தண்ணி குடிச்சுத்தாங்க தாத்தா வளந்தேன்."

யாரோ சிரித்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. பேப்பர் இல்லை, போ என்றார்.

ஒன்றரை மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பேப்பருக்கு லைப்ரரி.

பிறகு ஒரு நாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் வரும் தெருக்குழாயில் பெண்கள் வரிசை. நடுவில் ஒரே ஆணாக, இரண்டு குடத்தோடு அவர். டிரம்மில் ஊற்றத்தான்.

இறங்கிப் போனேன். டீக்கும் இதுதானா என்று கேட்டேன்.

"டீக்கு போரேதான். கொதிச்சா எல்லாம் போயிருமில்ல?"

"போகாதுங்க தாத்தா. தண்ணி சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும்."

பாய்லர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உன்னையெல்லாம் யாரு படிக்க வெச்சது?" என்றார். அடுத்த வாரம் வரிசையில் நான்கு குடம் இருந்தது.

நான் சொன்னது சரி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பேப்பர் மட்டும் மறுபடி எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

இன்று நல்ல வெயில். தாத்தா வீட்டுக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் தாகத்துக்கு முற்றத்து மோட்டார் குழாயைத் திறக்கப் போனார். அழுதுகொண்டிருந்த மருமகள் எழுந்து வந்து தடுத்தார்.

"அதுல குடிக்காதீங்க. ஊட்டுக்குள்ள குடத்துல இருக்குது. மாமா பாத்தா திட்டுவாரு."

குழாயைத் திறக்கப் போனவர் உள்ளே போய் மொண்டு குடித்தார். நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

வரேங்க தாத்தா.