ஆதம்பாவா போட்ட ஒரு கிராம் கணக்கு

ஆதம்பாவா மாஸ்டர் காலமாகிவிட்டார். காத்தான்குடியில், விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு. இப்போதுதான் அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

"மாஸ்டர்" என்று எழுதிவிட்டேன்... எனக்கு அவன் வெறும் ஆதம்பாவா. அவனுக்கு நான் மச்சான்.

போனை வைத்ததிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. டொரொண்டோவில் வெளியே பனி. எண்பத்துநாலு வயதில் ஹாலுக்கும் கிச்சனுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எழுதினாலாவது இருப்பேனா பார்க்கலாம்.

1945. மட்டக்களப்பில் ஓர் இங்கிலிஷ் பாடசாலையில் நாங்கள் இரண்டு பேரும் புது வாத்திமார். களுதாவளையிலிருந்து போன நான் கணக்கு. அவன் பௌதிகம்.

அவனுடைய காக்கா, மூத்த சகோதரர், சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை செய்தார். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததோடு கடிதம் நின்றுபோனது. மூன்றரை வருடம்... ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

ஆகஸ்டில் குண்டுச் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்த பேப்பரை ஸ்டாஃப் ரூமில் நின்றபடியே வாசித்தான். ஒரே ஒரு குண்டு, இருபதாயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்று போட்டிருந்தது.

உடனே சோக்கை எடுத்துக் கரும்பலகையில் எழுதினான். E = mc². ஒரு பொருளின் திணிவை ஒளியின் வேகத்தால் ஒரு தரம் பெருக்கி, அதே வேகத்தால் இன்னொரு தரம் பெருக்கினால், அதற்குள் அடைந்து கிடக்கும் சக்தி வரும். அவன் அதைத் தலைகீழாகப் போட்டான். அவ்வளவு சக்தி வெளியே வர, குண்டில் எவ்வளவு பொருள் இல்லாமல் போயிருக்க வேண்டும்?

விடை ஒரு கிராம்கூட இல்லை.

"பிழை மச்சான். எங்கயோ பிழை விட்டுட்டன். நீ போட்டுப் பாரு."

நானும் போட்டேன். அதே விடை. "இன்னொருக்காப் போடு" என்றான். மூன்றாம் தரமும் அதேதான் வந்தது.

லாப் தராசில் அந்த அளவுக்கு உப்பை நிறுத்தான். ஒரு சிட்டிகை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வீட்டுக்கு நடந்தான். நானும் கூடப் போனேன்.

அடுத்தடுத்த நாட்களில் யுத்தம் முடிந்தது. செய்தி வந்த அன்றைக்கும் அவனோடு வீட்டுக்குப் போனேன். அவனுடைய உம்மா வாசலிலேயே அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"காக்கா வந்திருவான் மனே! இனி வந்திருவான்! ஏன் மூஞ்சி இப்பிடிக் கிடக்கு? உனக்குச் சந்தோசமில்லியா?"

"சந்தோசம்தான் உம்மா."

சந்தோசம்தான், அதில் பொய் இல்லை. ஆனாலும் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் இரண்டு தரம் எழும்பிப் போனான்.

ஊர் வாசிகசாலையில் அந்தக் கணக்கைப் பற்றித் தமிழில் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அங்கே அதன் கதையைச் சொன்னான். நாற்பது வருடத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில், மற்றவர்களின் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் கந்தோரில் ஒரு கிளாக்கர். வயது இருபத்தாறு. வெளிச்சத்தை விடும் பொருளுக்குத் திணிவு குறையுமா என்று யோசித்து, மூன்று பக்கக் கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்.

"அந்த மனிசன் குண்டப் பத்தி அப்ப நினைக்கவே இல்ல" என்றான்.

பின்வரிசையில் ஒரு நெசவுக்காரர் எழும்பினார். "அப்ப மறுகா, பின்னால குண்டச் செஞ்ச ஆக்கள் சேர்? அதுல ஒருத்தராவது மாட்டன் எண்டு சொல்லல்லியா?"

ஆதம்பாவா "தெரியா" என்று சொல்லிவிட்டு, பேச்சை முடிக்காமலே மேடையை விட்டு இறங்கிவிட்டான்.

அடுத்த வருடம் காக்கா வந்தார். ஸ்டேஷனில் எங்களுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை, எலும்பும் தோலும். "அந்தக் குண்டு விழல்லாட்டி என்னக் கண்டிருக்க மாட்டாய்டா" என்றார். ஆதம்பாவா அவரை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு நான் கொழும்புக்கு வேலைக்குப் போனேன். அவன் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தான். எல்லாக் கடிதத்திலும் அந்தச் சமன்பாட்டைப் பற்றி ஏதாவது... யார் எதைக் கண்டுபிடித்தார், யார் பிறகு வருந்தினார் என்று. எனக்கே சில நேரம் அலுப்பாக இருக்கும்.

வருடங்கள் கழித்து ஒருநாள் கந்தோருக்கு ட்ரங்க் கால். என்னமோ ஏதோ என்று பயந்து ஓடினேன்.

"மச்சான், ஒரு பொம்புள!" என்று கத்தினான்.

ஏதோ புத்தகத்தில் வாசித்திருக்கிறான். ஹிட்லருக்குத் தப்பி நாட்டை விட்டு ஓடிய ஒரு விஞ்ஞானி. யுரேனியம் உடைகிறது என்ற செய்தி கடிதத்தில் வருகிறது. சகோதரியின் மகனோடு பனியில் நடந்தவர், ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து துண்டுக் கடதாசியில் கணக்குப் போடுகிறார். உடையும்போது குறைகிற திணிவை நம் சமன்பாட்டில் போட்டால், வெளியே வரும் சக்தியோடு விடை அச்சொட்டாகப் பொருந்துகிறது.

"அவவக் குண்டு செய்யக் கூப்பிட்டிருக்காங்க மச்சான். மாட்டன் எண்டுட்டா! ஒரு ஆள் சொல்லியிருக்கு!"

அன்று பின்னேரமே அந்த நெசவுக்காரரின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறான். அவருக்குக் கண் மங்கிவிட்டது.

"நான் என்ன கேட்டன் சேர்? ஞாபகமில்லியே" என்றாராம்.

பரவாயில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் இருந்து முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் வந்தானாம்.

இன்று மத்தியானம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். என்னால் வர முடியாது.

காத்தான்குடிப் பிள்ளைகள் யாராவது இணையத்தில் இதைப் பார்த்தால் கொஞ்சம் போங்கள். எனக்காகவும் ஒரு பிடி மண் போட்டுவிடுங்கள்... களுதாவளையில் இருந்த மச்சான் சொன்னான் என்று சொன்னால் வீட்டில் தெரியும்.