செத்த ஒயர்

எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளின் மேல் ஓடும் கறுப்பு ஒயர்களில் பாதிக்கு உயிர் கிடையாது. எப்போதோ கேபிள் டிவிக்காக இழுத்தவை. கழற்ற ஆளில்லாமல் கிடக்கின்றன. செத்த ஒயர் என்போம். வேண்டிய நீளத்துக்கு அறுத்துத் துணி காயப்போடக் கொடி கட்டிக்கொள்ளலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அன்று காலை என் மனைவி புதுக் கொடி கேட்டாள். எங்கள் மாடியில் இரண்டு ஒயர்கள் இருந்தன. ஒன்று செத்தது. இன்னொன்று, வேகமான இன்டர்நெட் என்று சொல்லிக் கேபிள்காரர் அந்த வருடம் இழுத்தது. நான் புதியதை அறுத்தேன். தெரியாமல் அல்ல. அறுத்த வாயில் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை மின்னியது. அதற்குள் ஒளி எப்படிச் சுவரில் மோதி மோதி ஓடுகிறது என்பதை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டிய இயற்பியல் ஆசிரியன் நான்.

அந்த ஒயர் பின்வீட்டு இரண்டாம் மாடிக்குப் போனது. அங்கே ஓர் இளம் தம்பதி; கீழ் வீடுகள் காலி. இருவருக்குமே காது கேட்காது, கைகளால் பேசுவார்கள். கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்த்தார். மனைவிக்கு ஏழாவது மாதம். பழைய இணைப்பில் வீடியோ கால் போட்டால் பாதி வார்த்தையில் கை உறைந்து நின்றுவிடுமாம். எதிரில் இருப்பவர் மீதியை ஊகிக்க வேண்டும். புதிய ஒயர் வந்த பிறகு விரல் அசைவு ஒன்றுகூடத் தப்பவில்லை. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று தனித்தனியே கிடந்த காது கேளாத குடும்பங்கள் ஒரே திரையில் கட்டம் கட்டமாகக் கூடிப் பேசின. அவர்கள் சிரிப்பு பெரிது. தங்களுக்கே கேட்காததால் அடக்கத் தெரியாத சிரிப்பு. மதியம் நான் கண்ணயரும் நேரத்தில் அது மாடி தாண்டி வரும்.

அதற்காகத்தான் அறுத்தேன். கூடவே, என் மாடி வழியாக இழுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வீம்பு. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் காற்றில் ஏதோ காரம் ஏறியது. சுற்றிலும் ஆலைகள் என்பதால் நாற்றம் எங்களுக்குப் புதிதல்ல. ஜன்னலைச் சாத்திவிட்டு இருந்துவிடுவோம். ஆனால் இம்முறை கண் எரிந்தது, தொண்டை இறுகியது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஏதோ ஆலையில் வாயு கசிகிறது, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு உடனே கிளம்புங்கள் என்றார்கள். சந்தே ஓடியது. நானும் மனைவியும் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது என் போன் அடித்தது. கேபிள்காரர்.

"சார், அந்தப் பின்னாடி வூட்டுப் பொண்ணு உங்களோட வந்துகீதா?"

"இல்லையே."

"அய்யோ. அவ வூட்டுக்காரரு மார்க்கெட்டுல பேப்பர்ல எழுதிக் காட்டி, ஒருத்தர வுட்டு எனக்கு பேசச் சொல்லிகினு கீறாரு சார். காலைலேர்ந்து போன்ல அது மூஞ்சியே வர்லியாம். அந்த ரூம்ல டவரும் எடுக்காது. எவனோ பேமானி செத்த ஒயருன்னு அறுத்துட்டான் போல. மைக்கு வெச்சி இன்னா சார் பிரயோஜனம், அதுக்குக் கேக்கவா போவுது? நான் ராயபுரத்துல மாட்டிகினு கீறேன். நீங்கதான் பக்கத்து மாடி, பாருங்க சார்."

ஆட்டோவில் மனைவியை ஏற்றிவிட்டு, "மாத்திரையை விட்டுட்டேன், நீ போ" என்றேன்.

"ஏங்க, உசுர விடவா மாத்திரை? ஏறுங்கங்க!" என்று அவள் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

எழுபத்திரண்டு வயதில் அப்படி ஓடினேன். சந்தில் ஆளே இல்லை. ஒரு நாய் மட்டும் இருமுவதுபோல் குரைத்தது. பின்வீட்டின் கீழ்க் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன், உலுக்கினேன், யாருக்காகத் தட்டுகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர்கள் வீட்டில் அழைப்பு மணிக்குப் பதில் பல்பு எரியும். சுவிட்சை அழுத்தினேன். கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள்.

என் மாடிக்கு ஏறினேன். அவள் ஜன்னல் எதிரே சாத்திக் கிடந்தது. கல்லெடுத்து எறிந்தேன், எட்டவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. நான் கட்டிய கொடியில் மனைவியின் புடவைகள் பாதி காய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் செத்தால் நான் கொன்றதுதான் என்று அப்போது தெளிவாகத் தெரிந்தது. வயிற்றில் இருப்பதையும் சேர்த்து.

பிறகுதான் பல்பு நினைவு வந்தது. அந்த வீட்டில் வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பொருள். சவரக் கண்ணாடியை எடுத்துவந்து மேற்கு வெயிலைப் பிடித்தேன். கை நடுங்கியதில் வெளிச்சம் சுவர், குழாய், வானம் என்று எங்கெங்கோ ஓடியது. ஜன்னலில் நிற்கவே மாட்டேன் என்றது. அன்று மேகம் மூடியிருந்தால் என்ற நினைப்பு வந்தால் இன்றும் என்னால் உட்கார முடியாது.

ஜன்னல் திறந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். நான் ரோட்டைக் காட்டினேன், கழுத்தைப் பிடித்துக் காட்டினேன், பைத்தியம்போல் கைகளை வீசினேன். அவள் போனை உயர்த்திக் காட்டினாள். கணவன் கூப்பிடவில்லையே, யாரைக் கேட்பது என்பதுபோல். பிறகு அவள் பார்வை புடவைகளுக்கு வந்தது. கொடியை, அதன் அறுந்த நுனியைப் பார்த்தாள். இரண்டு விரல்களைக் கத்தரிபோல் ஒரு முறை திறந்து மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். பொய் சொல்ல எனக்கு அவள் மொழி தெரியாது.

அவள் இறங்கி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு வரை நடந்தேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் தங்கவைத்திருந்தார்கள். கணவர் ஓடிவந்தார். அவள் கைகள் நெடுநேரம் பேசின. நடுவில் என்னைக் காட்டினாள். கத்தரி விரல்கள். பிறகு கண்ணாடி பிடிப்பதுபோல் உள்ளங்கை சாய்ந்து அசைந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அருகே வரவுமில்லை, கும்பிடவுமில்லை.

காற்று திசை மாறி, மறுநாள் ஊர் திரும்பினோம். தெருவே என்னைக் கொண்டாடியது. "சார் தெய்வம் சார்," என்றார் கேபிள்காரர். "அந்த ஒயர அறுத்தவன் மட்டும் கையில கெடைக்கட்டும், கிழிச்சிடுறேன்." நான் வாய் திறக்கவில்லை. அந்த இருவரும் யாரிடமும் எழுதிக் காட்டவில்லை. ஏன் என்று தெரியாததால் எனக்கு அவர்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கேபிள்காரர் புது ஒயருடன் வந்தார். "சார், உங்க மாடி மேல போனா பரவால்லியா?" என்று இம்முறை கேட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

எதிர் ஜன்னலில் அவள் நின்றாள். இரண்டு விரல்களைக் கத்தரிபோல் ஆட்டி, புருவத்தை உயர்த்தினாள். மறுபடியுமா என்ற கேள்வி. இல்லை என்று தலையசைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைசி முடிச்சு விழுந்து, கேபிள்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு போய், நானும் படியிறங்கும்வரை, அவள் ஜன்னலைவிட்டு நகரவேயில்லை.