அப்புவின் மேல் விழுந்த பழி

பக்கத்து ஃபிளாட்டுக்குப் போன வாரம் ஒரு நாய்க்குட்டி வந்தது. அதற்கு முன்னாலேயே மூன்று பார்சல்கள் வந்துவிட்டன. ஒன்றில் கம்பித் தடுப்பு, ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் விரிப்புகள், இன்னொன்றில் வாடை போக்கும் ஸ்பிரே. கல்யாணமாகி ஆறு மாதமான ஜோடி. அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், நீங்க நாய் வளத்தவராமே. வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போவாம எப்பிடிப் பழக்குனீங்க?" என்று கேட்டாள். ஸ்பிரேயை வாங்கிக் கையில் அடித்து முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை. என் மூக்குக்கு மட்டும் அதற்கு அடியில் ஃபினாயில் வாடை வந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய ஃபினாயில்.

அவளிடம் ஏதோ சொல்லி வைத்தேன். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன்.

அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு சிதம்பரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. அடிபட்ட வண்டிகளை நேரில் பார்த்து, நடந்தது நிஜமாகவே விபத்துதானா என்று விசாரித்து எழுதுவது. பம்பரில் இருக்கும் கீறல் மாட்டால் வந்ததா, மாமன் மகன் கடப்பாரையால் வந்ததா என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பெருமை. அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டால் எந்தப் பொய்யும் தானாக வெளியே வந்துவிடும் என்பது என் கட்சி. இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். பால் பாக்கெட்டை முகர்வேன், பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று யோசிப்பேன். என் மனைவி செல்வி பள்ளிக்கூடத்து டீச்சர். "ஆபீஸ வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க" என்பாள்.

அந்த வருஷம்தான் செல்வியின் அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். மாமியார் போன பிறகு குறிஞ்சிப்பாடியில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவரை அவள் பிடிவாதமாக அழைத்து வந்தாள். மாமா பிரைவேட் பஸ் டிரைவர். முப்பது வருஷம் இந்தக் கடலூர் சிதம்பரம் ரோட்டிலேயே ஓட்டியவர். சட்டைக் காலரில் கர்ச்சீப்பை மடித்து வைக்கும் பழக்கம் கடைசிவரை போகவில்லை. கூடத்தில் அவருக்கு ஒரு கட்டில். கக்கூஸ் தோட்டத்துக் கடைசியில், கிணற்றைத் தாண்டி.

பகலெல்லாம் அப்பா தனியாக இருக்கிறாரே என்று செல்விக்குக் கவலை. என்னோடு வேலை பார்த்த சிதம்பரத்துக்காரர் வீட்டில் நாட்டு நாய் ஒன்று ஐந்து குட்டி போட்டிருந்தது. ஒன்று கேட்டிருக்கிறாள், என்னைக் கேட்காமலே.

எனக்கு நாய் என்றால் ஆகாது. சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவன். அதனால் குட்டி வருவதற்கு முன்பே அது என்னென்ன அக்கிரமம் செய்யும் என்று பட்டியல் போட்டுத் தயாரானேன். செருப்பெல்லாம் பரண் மேல் ஏறின. ஒயர்களை ஆணியடித்து உயர்த்தினேன். பரணுக்கு அடியில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி, அதில் கோணி, மேலே செல்வியின் பழைய புடவை, குறுக்கே ஒரு பலகை. பெட்டிக்கு முன்னால் பழைய பேப்பர் விரிக்கச் சொன்னார்கள். செல்வி ஒவ்வொரு தாளாகப் புரட்டி, சாமி படம் போட்ட பக்கங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் விரித்தாள். வெள்ளிக்கிழமைப் பேப்பரில் ஒரு தாள்கூடத் தேறவில்லை.

குட்டி வந்தது. செம்மண் நிறம், முன்னங்கால்கள் மட்டும் வெள்ளை. அப்பு என்று பெயர் வைத்தாள். மாமா, "நாய்க்கு எதுக்கும்மா பேரு?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதல் வாரம் எல்லாக் குட்டிகளையும் போலத்தான். தூங்கி எழுந்ததும், பால் குடித்ததும் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பத்துப் பதினைந்து நாளில் அது பலகையைச் சுரண்டிக் கூப்பிடக் கற்றுக்கொண்டது. ஆனால் கூடத்தில் ஈரம் மட்டும் நிற்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்துப் பாயில், தோட்டத்துக் கதவு நிலையோரம். "நாயிதான் மாப்ள. கண்ண மூடுறதுக்குள்ள வந்து போயிடுது" என்பார் மாமா. செல்வி ஃபினாயில் போட்டுத் துடைப்பாள்.

எனக்குள் இருந்த ஆபீஸ்காரன் விழித்துக்கொண்டான். பலகை போட்டது போட்டபடி இருக்கிறது, குட்டி எப்படி வெளியே வந்தது? செல்வி எனக்குத் தெரியாமல் திறந்து விடுகிறாளா? வீட்டுக்காரரின் பூனையா? செல்வியின் டப்பாவிலிருந்து சாக்பீஸ் எடுத்து, ஈரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் கிழமையும் எழுதினேன். விபத்து நடந்த இடத்தில் போடுவது போல. ஒரு வாரத்தில் கூடத்தில் நான்கு வட்டங்கள். மாமா அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஐந்தாவது வட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "இது திருந்தாத ஜென்மம். கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

"குட்டிங்க. அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள் செல்வி. மாமாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் கூடையில் அந்தப் பழைய புடவையோடு வைத்து அப்புவை பஸ்ஸில் எடுத்துப் போனேன். குடிகாட்டுத் தொழிற்சாலைகள் பக்கம் கெமிக்கல் வாடை அடித்ததும் அது மூக்கைப் புடவைத் துணிக்குள் புதைத்துக்கொண்டது. சிதம்பரம் வரை கூடையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதையும் பார்த்தேன்.

மறுநாள் ஆபீஸில் வேலை சீக்கிரம் முடிந்து மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. மாமா தரையில் குந்தி, தன் தோள் துண்டால் பாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேட்டியின் பின்பக்கம் நனைந்திருந்தது. பஸ்ஸை ஒற்றைக் கையால் திருப்பிய மனிதர். காலடிச் சத்தம் கேட்டதும் அந்தக் கை நின்றது. திரும்பவில்லை.

"அந்த நாயி... பழைய வாடை மாப்ள. இன்னும் போவல."

நாய் சிதம்பரத்தில் இருந்தது. மூன்று கேள்வியும் என் நாக்கு நுனியில் இருந்தன. என் வாழ்க்கையில் முதல்தடவையாக அவற்றை விழுங்கினேன்.

"ஆமாம் மாமா. அது ஜாஸ்தி நாள் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போவதாகத் தெருவுக்கு வந்துவிட்டேன். அரைமணி நேரம் பெட்டிக்கடையில் நின்றேன். கிழமை எழுதிய அந்த ஐந்து வட்டங்களும் யாரைச் சுற்றிப் போட்டவை என்று அங்கேதான் புரிந்தது. திரும்பிப் போய், பாயை நகர்த்தி, தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். மாமா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் அப்பு திரும்பி வந்தது. "அங்க தாய் நாயி சேக்கல" என்று பொய் சொன்னேன். செல்வி நம்பினாள் என்று நினைத்தேன். மாமாவிடம் போய், "மாமா, இதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தோட்டத்துக்குப் போய் ஆவணுமாம். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறோம். நீங்கதான் பழக்கணும்" என்றேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். இதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று தேடும் பார்வை. என் பார்வைதான் அது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "டைமுக்கு ஓட்டுறது எனக்கா தெரியாது?"

அன்றிலிருந்து எட்டு, பத்து, பன்னிரண்டு என்று பஸ் டைமிங் போல இருவரும் கிணற்றைத் தாண்டிப் போய் வந்தார்கள். "ஏ அப்பு, கெளம்புடா, டைம் ஆச்சு" என்று அவர் குரல் தெரு வரைக்கும் கேட்கும். பாய் காய்ந்தது.

முழுதாகக் காயவில்லை. ஒரு மாதம் பொறுத்து இன்னொரு பொய் சொன்னேன். "மாமா, எனக்கு ஒண்ணுக்குப் போறதுல கொஞ்சம் பிரச்சனை. தனியா டாக்டர்கிட்ட போவ கூச்சமா இருக்கு. துணைக்கு வர்றீங்களா?" சிதம்பரத்தில் டாக்டர் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுவதற்குள் மாமா எழுந்து என் தோளை அழுத்தினார். "நீங்க இருங்க மாப்ள. நான் பாத்துட்டு வர்றேன்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருபது நிமிஷம் கழித்து மாத்திரைச் சீட்டோடு வந்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரும் வழியில் புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கி இருவருக்கும் டீ வாங்கி வந்தார்.

மாமா அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். காரியம் முடிந்து சொந்தக்காரர்களெல்லாம் கிளம்பிய பிறகு, செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "அப்பா விஷயம் எனக்கு மொதல்லயே தெரியும். துடைக்கிறவளுக்குத் தெரியாதா? நீங்க நாயத் தூக்கிட்டுப் போனப்ப சொல்ல வாயெடுத்தேன். அவர் மூஞ்சப் பாத்தேன், முடியல." ஆக, கடலூரில் ஒரு கூடத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்று ஆறு வருஷம் காபந்து பண்ணியிருக்கிறோம். கண்டுபிடிக்கிறவன் என்று மார்தட்டிய நான்தான் கடைசி ஆள். அப்புவும் பிறகு கிழடாகிப் போய்ச் சேர்ந்தது. கிணற்றோரம்தான் புதைத்தோம்.

அந்த வீடு இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்து, தோட்டத்தையும் சேர்த்துப் பெரிய செல்போன் கடை கட்டிவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனவன், எதுவும் வாங்குகிற உத்தேசமில்லாமல் உள்ளே நுழைந்தேன். வழவழவென்று வெள்ளை டைல்ஸ். கூடம் எங்கே, கட்டில் எங்கே கிடந்தது என்று குத்துமதிப்பாக அளந்துகொண்டு ஓரிடத்தில் நின்று தரையையே பார்த்தேன்.

"இன்னா சார் வேணும்? இன்னா பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்லங்க. இந்த எடத்துல எங்க மாமா படுத்திருந்தாரு."

எதையாவது எடுத்திருக்கிறேனா என்று அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் சுவரிலிருந்த கேமராவைப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் என்னை.