அரிசிப் பையை நம்பிய கூரை

பாரிஸ் புறநகரான வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டின் பின்புறம், மீன் பொரிப்பதற்கென்று அப்பா ஒரு தகரக் கொட்டில் போட்டிருந்தார். கூரைக்குப் பாரமாக, லா சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கிய அரிசிப் பைகளில் மண் நிரப்பி வைத்தார். ஒரு புயலில் தகரம் பறந்து, அம்மா சற்றுமுன் நின்ற இடத்தில் விழுந்தது.

வீட்டுக் காப்புறுதிப் பரிசோதகரை அழைத்தேன்.

"அவன் வந்தா கட்டணத்தைக் கூட்டிப்போடுவான், பிள்ளை!" என்றார் அப்பா.

"வரட்டும் அப்பா, நான் கதைக்கிறன்."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பரிசோதகர் பிரெஞ்சில் சொன்னதை நான் அப்பாவுக்கு விளக்க, அதன்படியே கூரையின் மரச் சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் இறுக்கி, தகரத்தைத் திருகாணியால் பூட்டினோம். மறுபரிசோதனையில் கட்டணம் குறைந்தது. அடுத்த புயலில் கொட்டில் அசையவில்லை.

இப்போது ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன் நானே ஏறித் திருகாணிகளைப் பார்க்கிறேன்.

"மூலையையும் பாத்தனியோ?"

"ஓம் அப்பா, ஏணியை விடாமல் பிடியுங்கோ!"