அத்திமரத்திலிருந்து இருநூறு மீட்டர்

"ஐயா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா நான் கடுதாசியக் குடுத்துட்டுப் போயிடுவேன்."

தபால்காரர் ஒல்மான் செலெதோன் இப்படிக் கெஞ்சுவது கேட்டுக்குப் பின்னால் நின்று குரைக்கும் நாயிடம். இருபத்திரண்டு வருஷத் தபால் வாழ்க்கையில் மூன்று முறை கடிபட்டிருக்கிறார். ஆனாலும் எந்த நாயையும் 'நீ' என்று சொன்னதில்லை. அவருடைய ஊரான சான் ஹெர்வாசியோவில், கட்டிய மனைவியையும் பெற்ற பிள்ளையையும்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். நாய்க்கு மட்டும் மரியாதையைக் குறைப்பானேன்?

நாய் தள்ளாது. ஒல்மான் கழுத்தை நீட்டி, "ஊப்பே!" என்று வீட்டை நோக்கிக் குரல் கொடுப்பார். அந்த மலையூரில் யார் வாசலிலும் அழைப்பு மணி கிடையாது, 'ஊப்பே'தான் மணி. உள்ளிருந்து "தோ வந்துட்டேன்" என்று பதில் வரும். அது ஒரு நிமிஷமும் ஆகலாம், கால் மணியும் ஆகலாம். ஒல்மான் அதுவரை பைக்கை அணைக்கமாட்டார், தலைக்கவசத்தைக் கழற்றமாட்டார், முகத்திரையை மட்டும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கவரிலிருக்கும் விலாசத்தை வாய்விட்டுப் படிப்பார். "அத்திமரத்துலேருந்து இருநூறு மீட்டர் தெக்கே, அம்பது மேக்கே, மஞ்ச கேட்டு, சத்தமாக் கூப்புடவும்." எல்லா விலாசமும் அப்படித்தான். தெருவுக்குப் பெயரில்லை, கதவுக்கு எண்ணில்லை. நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த முனை. அளந்து பார்த்தால் எண்பதும் இருக்கும், நூற்றைம்பதும் இருக்கும்.

வடக்கே குளிர்நாடுகளிலிருந்து இங்கே குடியேற வருகிறவர்களுக்கு முதலில் புரியாமல் போவது இந்த விலாசம்தான். அவர்கள் வாசலுக்கு முதலில் வந்து நிற்கிற உள்ளூர் ஆளும் ஒல்மான்தான். அதனால் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. அதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு.

"குளிக்கிற எடத்துல தலைக்கு மேல ஒயர் தெரியுது பாருங்க, அத ஈரக்கையால தொட்டுடாதீங்க. அதுதான் வெந்நீர் போடுற சாமான்" என்பார். "அக்டோபர்ல செருப்பு, பெல்ட்டு, பைபிளு எல்லாத்துலயும் பூசணம் பூக்கும். அலமாரிக்குள்ள ஒரு பல்பு எரியட்டும்." கப்பலில் ஃபிரிட்ஜும் சோபாவும் ஏற்றப்போவதாக யாராவது சொன்னால் பதறிவிடுவார். "துறைமுகத்துலேருந்து அத வெளிய எடுக்குறதுக்குள்ள உங்களுக்குப் பேரப்புள்ள பொறந்துடும். இங்கயே வாங்கிக்கோங்க." பிறப்புச் சான்றிதழை சொந்த நாட்டிலேயே முத்திரை வாங்கிக் கொண்டுவரவேண்டும் என்பார். அந்த ஒரு முத்திரைக்காக ஆறாயிரம் கிலோமீட்டர் திரும்பிப் போன தம்பதியை அவருக்குத் தெரியும். யாராவது காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால் உட்கார்ந்துவிட வேண்டும்; நின்றுகொண்டே குடித்தால் மனத்தாங்கல் என்று நினைப்பார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. இந்த ஊரில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வதில்லை என்பதை. மறைத்தார் என்றில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

வினிஃப்ரெட் அம்மாள் கனடாவில் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அறுபத்தாறு வயது. தனியாள். ஊரின் பெரிய அத்திமரம் நின்ற மூலை வீட்டை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊர்க்காரர்களுக்கு ஒரே வாரத்தில் அவர் வினியம்மா ஆகிவிட்டார். அவர் பேசிய ஸ்பானிஷ் பாடப்புத்தகத்திலிருந்து நேராக இறங்கி வந்த ஸ்பானிஷ். ஒரு பிழை இருக்காது. ஒரு வார்த்தை உள்ளூராகவும் இருக்காது. "தபால்காரரே, என் குடியிருப்பு அட்டை வந்துவிட்டதா?" என்று தினமும் கேட்பார். "தோ வந்துரும்மா" என்பார் ஒல்மான். குடியிருக்க அனுமதிக்கும் அந்த அட்டைக்கு மனுப்போட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள், வினியம்மா கேட்டருகே அவருக்காகக் காத்திருந்தார்.

"மரத்தின் வேர் என் கழிவுநீர்த் தொட்டியைப் பிளந்துவிட்டது. கூரை மீதும் ஒரு கிளை விழுந்தது. நான் இந்த மரத்தை வெட்டிவிடலாமா? உங்கள் கருத்து என்ன?"

ஒல்மான் மரத்தை அண்ணாந்து பார்த்தார். நாலு ஆள் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாத மரம். சாயங்காலமானால் கிளிக்கூட்டம் வந்து இறங்கும் இரைச்சலில் கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. நாற்பத்தொரு வீட்டின் விலாசம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

"பார்க்கலாங்கம்மா" என்றார். அப்புறம், சும்மா நின்றால் நன்றாக இராதே என்று, "உங்க எடம்தானே, அதுக்கென்ன... பார்க்கலாம்" என்று சேர்த்துக்கொண்டு பைக்கைத் திருப்பினார்.

அடுத்த மாதம் வினியம்மா இரண்டு முத்திரை குத்திய அனுமதித்தாளோடு ஆள் வைத்து மரத்தை வெட்டிவிட்டார். மூன்று நாள் ரம்பச் சத்தம். நாலாம் நாள் அந்த மூலையில் ஊர் அதுவரை பார்த்திராத அளவுக்கு வெயில்.

யாரும் சண்டைக்குப் போகவில்லை. பார்த்தால் சிரித்தார்கள், "நல்லாயிருக்கீங்களாம்மா?" என்று விசாரித்தார்கள். சனிக்கிழமைச் சந்தையில் கத்தரிக்காய்க்காரி எப்போதும்போலக் கொசுறு கொத்தமல்லி போட்டாள். ஆனால் வினியம்மா வாசலில் 'ஊப்பே' என்று குரல் கேட்பது நின்றுபோனது. காப்பிக்கு யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதே இடத்தில், இல்லாத நிழலில், தலையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒல்மானுக்குத்தான் எல்லாம் குழம்பியது. இருபத்திரண்டு வருஷமாக அவர் பைக் அந்த மரத்தைக் கண்டால் தானாகத் திரும்பும். இப்போது திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டு, பாலம் வந்த பிறகு விழித்துக்கொண்டு திரும்பி வருவார். தெற்கே இருக்கிற சொலிஸ் வீட்டுக் கடிதத்தைக் கிழக்கே இருக்கிற சொலிஸ் வீட்டில் கொடுத்தார். அப்படி ஒரு தப்பு அவர் பெயரில் அதுவரை இல்லை.

"என்ன மச்சான், இன்னிக்கும் பாலம் வரைக்கும் ஊர்வலமா?" என்று மூலைக்கடை எலாடியோ கேட்பான். "பேசாம என் கடையிலேருந்து கணக்குப் போடச் சொல்லுங்க. கடை எங்கயும் ஓடிப்போகாது."

குடிநீர்க் கமிட்டிக் கூட்டத்தில் இதுதான் பேச்சு. இனிமேல் விலாசத்தை எப்படி எழுதுவது? பாதிப் பேர், 'அத்திமரம் இருந்த இடத்திலிருந்து' என்றே எழுதலாம் என்றார்கள். மரம் போனால் என்ன, இடம் போய்விட்டதா? மீதிப் பேர் 'கிரிங்கா வீட்டிலிருந்து' என்றார்கள். வடக்கேயிருந்து வந்த பெண் யாரானாலும் ஊருக்குக் கிரிங்காதான். கனடாவா வேறெதுவா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எலாடியோ தன் கடைக்காக எழுந்து பேசி, சிரிப்பு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். தீர்மானம் ஒன்றும் ஆகவில்லை. அவரவர் இஷ்டப்படி எழுதத் தொடங்கினார்கள். நாளாக ஆக, கிரிங்கா வீடு கை ஓங்கியது.

வினியம்மா ஒரு நாள் தன் கேட்டில் ஒல்மானை மறித்தார்.

"ஊரார் என் மீது கோபமாக இருக்கிறார்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா."

உண்மையைச் சொன்னது அவர் மனைவி அர்லென். அவள் நிகராகுவாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முப்பது வருஷம் ஆகியும் சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வரவில்லை. சந்தையில் வினியம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தி, "எல்லாருக்கும் உங்க மேல கோவம்தான், அம்மா. மரம்னா சும்மாவா? எங்க வீட்டுக்காரர் அன்னிக்கே உங்ககிட்ட வேணாம்னு சொன்னாராமே. நீங்கதான் கேக்கல" என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்: "வேண்டாம் என்று சொன்னாரா? எப்போது சொன்னார்?"

சாயங்காலம் அர்லென் இதைச் சொன்னதும் ஒல்மான் அவரைக்கொட்டையும் சோறும் கலந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீங்க ஏன் போய் இதச் சொன்னீங்க?"

"ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான சொல்லிக்கிட்டுத் திரியறீங்க? வேணாம்னு சொன்னீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பார்க்கலாம்னு சொன்னேன்."

"பார்க்கலாம்னா?"

"பார்க்கலாம்னா வேணாம்னுதான அர்த்தம்?"

"எங்க ஊர்ல பார்க்கலாம்னா பார்க்கலாம்னு அர்த்தம்" என்று அர்லென் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒல்மான் அன்றைக்கு நடந்ததை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் நினைத்துச் சொன்னாரா? அப்படித்தான் ஊரில் சொல்லிவந்தார், தானும் நம்பிவந்தார். ஆனால் அன்று பைக்கில் பெட்ரோல் குறைவாக இருந்தது. மேட்டுத் தெருவில் நீதிமன்றக் கடிதம் ஒன்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது. ஒருவேளை அவர் எதையுமே நினைக்காமல் சொல்லியிருக்கலாம். 'உங்க எடம்தானே' என்றாரே, அது எதற்கு? யோசிக்க யோசிக்க அந்த வார்த்தை ஒரு பக்கம் 'வேண்டாம்' ஆகவும், மறு பக்கம் 'வெட்டிக்கொள்ளுங்கள்' ஆகவும் தெரிந்தது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

அன்றிலிருந்து புதிதாக வந்தவர்கள் எதைக் கேட்டாலும் திணறினார். அடுப்புக்கு வாயு உருளை எங்கே வாங்குவது என்று கேட்ட ஒரு ஜெர்மன்காரரிடம், தான் சொன்னது புரிந்ததா என்று நாலு தடவை கேட்டார். அந்த மனிதர் பயந்து உள்ளே போய்விட்டார்.

ஜூனில், முதல் பெருமழை விட்ட ஒரு காலையில், குடியிருப்பு அட்டை வந்தது. பதிவுத் தபால். கவரில் 'அத்திமரத்திலிருந்து இருபத்தைந்து மீட்டர் கிழக்கே' என்று இருந்தது. அதே கட்டில் வேறு ஏழு கடிதங்கள். அவற்றில் ஐந்து, 'கிரிங்கா வீட்டிலிருந்து'. ஒல்மான் அட்டையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போனார்.

மூலை வீட்டு வாசலில் சிவப்பு டாக்சி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. இரண்டு பெட்டிகள் ஏற்றியாகிவிட்டன. மூன்றாவது, பெரியது, சேற்றில் படாமல், வெட்டிய அடிமரத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தது. டிரைவர் வண்டியில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். வினியம்மா மழைச்சட்டையோடு நின்றார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"என் தங்கை வீட்டிற்கு. கனடாவில், வின்னிபெக். திரும்பி வருவேனா என்று தெரியவில்லை" என்றார்.

ஒல்மான் கவரை நீட்டினார். அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். பிரித்தார். தன் புகைப்படம் ஒட்டிய அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது.

"இன்றைக்குத்தான் வரவேண்டுமா இது?"

ஒல்மான் கையிலிருந்த மற்றக் கடிதங்களை அவரிடம் காட்டினார், ஒவ்வொன்றாக. வினியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"கிரிங்கா வீடு. இது நானா?"

"ஆமாங்கம்மா."

"இது திட்டா, பாராட்டா?"

"அது... விலாசங்கம்மா."

"நான் போய்விட்டால்?"

ஒல்மான் தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். கை தலைக்கவசத்தில் இடித்தது.

"தபால்காரரே, உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் எனக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தீர்கள். செருப்புக்கு பல்பு, வெந்நீருக்கு ஒயர். இதற்கும் சொல்லுங்கள். நான் போகட்டுமா, இருக்கட்டுமா? தயவுசெய்து பார்க்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்."

டாக்சிக்காரன் ஆரஞ்சுத்தோலை எறிந்துவிட்டு, "அம்மா, ஏர்போர்ட்டு வழியில நெரிசலாயிரும்" என்றான்.

இருங்கள் என்று சொல்ல ஒல்மானுக்கு என்ன உரிமை? ஊரில் பாதிப் பேர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். தொட்டியும் பிளந்துதான் கிடக்கிறது. போங்கள் என்றால், அந்த ஒரு வார்த்தையும் தன்னுடையதாகிவிடும். நாலு மாதம் முன்னே ஒன்றைச் சொல்லிவிட்டு அதன் பொருள் தெரியாமல் இன்னும் தவிக்கிறார்.

பைக்கை அணைத்தார். அடிமரத்தின் மேலிருந்த பெரிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். நினைத்ததைவிடக் கனம்; முதுகு பின்னால் வளைந்தது. "ஐயா, வண்டி இந்தப் பக்கம்" என்று டிரைவர் கத்தினான். ஒல்மான் திரும்பவில்லை. கேட்டைக் காலால் தள்ளி, சேற்றுக் காலோடு வாசற்படி ஏறி, திறந்திருந்த வீட்டுக்குள் போனார். நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வினியம்மா பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை, அங்கே வையுங்கள் என்றும் சொல்லவில்லை.

ஒல்மான் கூடத்தின் நடுவில் நின்றார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து, பிடியை மட்டும் மாற்றிக்கொண்டார்.